நிலவறையில் நீர் நிற்கும்போது

ஈக்காட்டுத்தாங்கல் என்னும் பெயரிலேயே நீர் இருக்கிறது. தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி வைக்கும் சிறு ஏரியைக் குறிக்கும் பழஞ்சொல். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என இப்பெயர் கொண்ட ஊர்கள் தொண்டை நாட்டில் பல உண்டு. இன்று ஈக்காட்டுத்தாங்கலில் நம் கண்ணில் படுவன தொழிற்கூடங்களும், அடுக்ககங்களும், உயரத்தில் நிற்கும் மெட்ரோ ரயில் நிலையமுமே. ஆனால் அடையாறு இன்னும் அருகில்தான் ஓடுகிறது. காசி திரையரங்கப் பாலத்தைக் கடக்கும்போது பேருந்தின் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பவர்களுக்கு, கோடையில் அது ஓர் ஆறு என்பதே நினைவுக்கு வராது.

2015 டிசம்பர் 1 ஆம் நாள் அந்த ஆறு தன்னை நினைவூட்டிற்று. அவ்வாண்டு நவம்பரிலேயே சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, ஏரிகளும் மண்ணும் நிறைந்திருந்தன. அதன்மேல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என ஆற்றின் இருகரையிலும் தரைத்தளங்கள் மூழ்கின. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது மாநகரின் பல பகுதிகளில் மின்சாரமின்றி நாள்கணக்கில் இருக்க நேர்ந்தது.

ஒரு மருத்துவமனையின் செய்திமடலில் வெள்ளத்தைப் பற்றி எழுதுவது ஏன் என்று சிலர் வியக்கலாம். மழைக்காலத்துக்கு முன் எங்கள் புறநோயாளிப் பிரிவில் பராமரிப்பாளர்கள் கேட்கும் கேள்விகளில் மருந்தைப் பற்றியவை பாதிதான். மீதி, வீட்டைப் பற்றியவை. கீழே தண்ணீர் நிற்கிறது, மின்தூக்கி ஓடவில்லை, அப்பாவுக்கு நாளை மறுநாள் டயாலிசிஸ், என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நலமாக இருப்பவருக்கு வெள்ளம் மூன்று நாள் துன்பம். வீட்டில் ஒரு நோயாளியை வைத்திருப்பவருக்கோ அதே மூன்று நாள்கள் வேறு கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கிறோம்.

நிலவறை என்பது பழைய சொல். முன்னாளில் செல்வத்தையும் தானியத்தையும் காக்கக் கட்டினார்கள். இன்று அதைப் பேஸ்மென்ட் என்கிறோம்; வண்டிகளை நிறுத்துகிறோம். சென்னையில் தனி வீடுகளுக்கு நிலவறை அரிது. அடுக்ககங்களில் உண்டு. நிலவறை இல்லாத கட்டடத்திலும் தரைக்குக் கீழே சில பொருள்கள் இருக்கவே செய்கின்றன: குடிநீர் சம்ப், மின்தூக்கியின் குழி, கழிவுநீர்த் தொட்டி. தூண்களின்மேல் கட்டடத்தை நிறுத்தி, அடியில் வண்டி விடும் இடத்தில்தான் மின்கணக்கி, முதன்மை மின்விசை, மோட்டார் அறை யாவும் இருக்கும். இன்னொரு வகை நிலவறையும் நம் ஊரில் உண்டு. அதை யாரும் கட்டவில்லை. சாலைமேல் சாலையாகத் தார் போட்டுப் போட்டு, முப்பது ஆண்டுகளுக்கு முன் தெருவைவிட உயரமாக இருந்த வீட்டுத் தளம் இன்று தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் தொழில் இந்நகரில் செழித்திருப்பதற்கு அதுவே காரணம். அப்படித் தாழ்ந்த தரைத்தளத்தில் குடியிருப்பவர்களும் இக்கட்டுரையைத் தங்களுக்கு எழுதப்பட்டதாகவே கொள்ள வேண்டும்.

கீழே இறங்குவதற்கு முன்

முதலில் சொல்ல வேண்டியது இது: நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது வண்டியை எடுக்க நிலவறைக்குள் இறங்கக் கூடாது.

2022 செப்டம்பர் 6 ஆம் நாள் காலை, தென் கொரியாவின் போஹாங் நகரில் புயல் மழையால் ஓடை கரை கடந்தது. ஓர் அடுக்ககத்தில், கீழ்த்தளத்திலுள்ள வண்டிகளை வெளியே எடுத்துவிடுமாறு அறிவிப்புச் செய்தார்கள். இறங்கிய சில நிமிடங்களில் சரிவுப் பாதை வழியே நீர் அருவியாகப் பாய்ந்து கூரைவரை நிறைந்தது. எழுவர் மாண்டனர், இருவர் மட்டும் கூரையை ஒட்டிய குழாய்களைப் பற்றிக்கொண்டு பல மணி நேரம் கழித்து உயிருடன் மீண்டனர். நம் நாட்டில், 2024 ஜூலை 27 ஆம் நாள் டெல்லியின் பழைய ராஜீந்தர் நகரில், போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றின் நிலவறை நூலகத்தில் மழைநீர் புகுந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். இரண்டு இடங்களிலும் மேலே தெருவில் நின்றவர்களுக்கு அது முழங்கால் அளவு நீராகவே தோன்றியிருக்கும்.

காரணம் எளியது. தெருவில் பரவி நிற்கும் நீர் நிலவறையின் வாயைக் கண்டதும் முழுவதும் அங்கேயே இறங்குகிறது. நீரின் எடையை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் மறுபுறம் இரண்டடி நீர் நின்றால், ஏறத்தாழ 180 கிலோ எடைக்கு ஒப்பான அழுத்தம் அக்கதவின்மேல் இருக்கும். கதவு நம்மை நோக்கித் திறப்பதாக இருந்தால் தாழ் நீக்கியவுடன் நம்மைத் தள்ளி வீழ்த்தும். எதிர்ப்புறம் திறப்பதாக இருந்தால் இருவர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. பராமரிப்பாளர் ஒருவர் கீழே சிக்கிக்கொண்டால், மேலே படுக்கையில் இருப்பவரை யார் பார்ப்பது என்பதை ஒரு நொடி எண்ணிப் பார்க்க வேண்டும். வண்டிக்குக் காப்பீடு உண்டு. நனைந்த வண்டியின் எஞ்சினை முடுக்காமல் விட்டு, படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தால் போதும்.

அடுத்தது மின்சாரம். நீர் நிற்கும் அறையில் எங்கோ ஒரு பிளக்கோ, மோட்டார் இணைப்போ மூழ்கியிருந்தால் அந்த நீர் முழுவதிலும் மின்சாரம் பரவியிருக்கலாம். கண்ணுக்கு அது தெரியாது. முதன்மை மின்விசை காய்ந்த இடத்தில், காய்ந்த வழியில் இருந்தால் மட்டும் ரப்பர் செருப்பணிந்து, காய்ந்த கையால் அணைக்கலாம். அதை அடைய நீரில் நடக்க வேண்டுமென்றால் அந்த வேலை நம்முடையதன்று. மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987 இல் அழைத்து, தெருவின் இணைப்பையே துண்டிக்கச் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டரை மறந்துவிடுகிறார்கள். தெருவில் மின்சாரம் இல்லாவிட்டாலும் இன்வெர்ட்டர் வீட்டுக் கம்பிகளுக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அதையும் தனியே அணைத்தாக வேண்டும்.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் குடியிருப்புகள் அதை எங்கே வைத்திருக்கின்றன என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்லிவியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13 ஆம் மாடியில் பாதுகாப்பாகவே இருந்தன. அவற்றுக்கு எரிபொருளை ஏற்றும் பம்புகள் மட்டும் நிலவறையில் இருந்தன, அவை மூழ்கின. ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி எரிபொருளை மேலே ஏற்றினார்கள். இறுதியில் நோயாளிகள் அனைவரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய மருத்துவமனைக்கு நேர்ந்தது, பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்ககத்துக்கு நேராது என்று சொல்ல முடியாது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசத் தக்க பொருள் இது. வாகன நிறுத்தத் தகராறுகளைவிட நிச்சயமாக அவசரமானது.

மேல் மாடியில் இருக்கும் நோயாளி

நிலவறை மூழ்கினால் முதலில் நிற்பது மின்தூக்கி. குழியில் நீர் ஏறியதும் அதை இயக்கக் கூடாது. கூண்டை மேல் தளம் ஒன்றில் நிறுத்தி அணைத்துவிட வேண்டும். அந்தக் கணத்திலிருந்து, நான்காம் மாடியில் நடக்க இயலாமல் படுத்திருப்பவர் தீவில் இருப்பவரைப் போன்றவர். ஆகவே எப்போது வெளியேறுவது என்ற முடிவை, நீர் வாசலுக்கு வந்தபின் எடுக்கக் கூடாது. வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தவுடன், தெரு காய்ந்திருக்கும்போதே எடுக்க வேண்டும். மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீடு, நண்பர் வீடு, இயலாவிடில் மருத்துவமனையை அடுத்த விடுதி என ஓர் இடத்தை மழைக்காலம் தொடங்கும்முன் பேசி வைத்திருப்பது நலம். பிறருக்குத் தொல்லை என்று தயங்குவோர் பலர். நள்ளிரவில் இடுப்பளவு நீரில் படகை எதிர்பார்த்து நிற்பது எல்லோருக்கும் பெருந்தொல்லை.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை வருபவர் ஒரு முறை தவறவிட்டால், உடலில் நீரும் பொட்டாசியமும் சேர்கின்றன. பொட்டாசியம் மிகுந்தால் எவ்வித முன்னறிவிப்பும் இன்றி இதயத் துடிப்பு தடுமாறக் கூடும். எனவே புயல் எச்சரிக்கை வந்தால் டயாலிசிஸ் பிரிவை அழைத்து, முறையை ஒரு நாள் முன்னதாக மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் இயலும். மற்றவர்களும் கேட்கும்முன் கேட்பது நல்லது. வர இயலாமற் போனால், அடுத்த முறை வரை உணவும் நீரும் மருந்தைப் போலவே அளவோடு இருக்க வேண்டும். மருத்துவர் வழக்கமாக அனுமதித்த நீரின் அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்க வேண்டும். உப்பை மிகவும் குறைக்க வேண்டும்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. வெள்ளக் காலத்தில் நல்ல உள்ளம் படைத்தவர்கள் வீடு வீடாகக் கொண்டுவந்து தருவது எவை? வாழைப்பழம், இளநீர், பிஸ்கட், புளிசாதப் பொட்டலம், ஊறுகாய். பசித்திருப்பவருக்கு அவை அமுதம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியக் குவியல். புளிசாதமும் ஊறுகாயும் உப்பு. கொடுப்பவர் முகம் வாடுமே என்று வாங்கி உண்டுவிடக் கூடாது. வாங்கி, வீட்டிலுள்ள மற்றவர்கள் உண்ணலாம். நோயாளிக்கென்று அரிசி, ரவை, உப்பிடாத பொரி, சர்க்கரை ஆகியவற்றை மூன்று நாளுக்குத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும். நீரிழிவும் உள்ளவருக்கு இப்பட்டியல் மாறும் என்பதால் உணவியல் வல்லுநரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவும். மூச்சுத்திணறல், தசைத் தளர்ச்சி, படபடப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திராமல் 108 ஐ அழைத்து, டயாலிசிஸ் நோயாளி என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். மீட்புப் படகில் யாரை முதலில் ஏற்றுவது என்பதை அந்த ஒரு சொல் தீர்மானிக்கக் கூடும்.

வயிற்று வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மருத்துவமனைக்கு வரும் தேவை இல்லை. ஆனால் திரவப் பைகள் பெட்டி பெட்டியாக வருகின்றன. வீட்டுக்குள் இடமில்லை என்று அவற்றைக் கீழே வண்டி நிறுத்தும் இடத்து மூலையில் அடுக்கி வைப்பதை நாங்கள் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். அக்டோபர் பிறந்ததும் அவற்றை மேலே ஏற்றிவிட வேண்டும். வெள்ளநீர் பட்ட பெட்டியில் உள்ள பையைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவது வயிற்றறையில் கிருமித் தொற்றை வரவழைக்கும்.

இன்சுலின் பற்றிய அச்சம் சற்று மிகையானது. குளிர்பதனப் பெட்டி நின்றுவிட்டால் மருந்து கெட்டுவிட்டதென்று எறிந்துவிடுகிறார்கள். பயன்பாட்டில் இருக்கும் குப்பி, 30 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத அறை வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும். உறையிலுள்ள குறிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். மழை நாளில் நம் அறைகள் பெரும்பாலும் அந்த அளவுக்குள்ளேயே இருக்கும். திறக்காத குப்பிகளுக்கு நம் பாட்டிமார் கண்ட வழி போதும்: பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. குப்பிகளை மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து உள்ளே இறக்கிவிடலாம். பனிக்கட்டிமேல் நேரடியாக வைத்தால் உறைந்து பயனற்றுப் போகும். வெள்ளநீரில் மிதந்த குப்பியை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது.

ஆக்சிஜன் செறிவூட்டியில் இருப்பவருக்கு மின்சாரமே மூச்சு. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கருவி ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் என வாங்கிய இன்வெர்ட்டர் இதைச் சில மணி நேரமே தாங்கும். ஆகவே உருளை ஒன்று கூடவே இருக்க வேண்டும். பி வகை உருளையில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம். இந்தக் கணக்கைப் போட்டுச் சுவரில் ஒட்டி வைத்தால், எந்த நேரத்துக்குள் உதவி வந்தாக வேண்டும் என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். உருளையைக் கீழ்த்தளத்தில் வைக்காதீர்கள் என்று தனியே சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்கிறோம்.

மருந்துச் சீட்டு, வெளியேற்றச் சுருக்கம், இரத்த வகை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றைப் படம் எடுத்துக் கைப்பேசியிலும், வேறூரில் இருக்கும் பிள்ளையின் கைப்பேசியிலும் வைத்திருப்பது போதும். கோப்புகளைத் தேடி யாரும் நீரில் இறங்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கான மருந்து கையிருப்பில் இருக்கட்டும்.

நீரை இறைத்தல்

மழை நின்றதும் எல்லோருக்கும் அவசரம். டீசல் பம்பு வைத்திருப்பவரைத் தேடி அலைகிறோம். கேட்ட கூலியைத் தருகிறோம். எப்படியாவது இன்றே முழுவதும் இறைத்துவிட வேண்டும் என்கிறோம். இங்கேதான் பொறுமை தேவை.

பத்து மீட்டருக்குப் பதினைந்து மீட்டர் அளவுள்ள நிலவறையில் நான்கடி நீர் நின்றால் அது ஏறத்தாழ 1,80,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பதினைந்து. அவ்வளவு எடையும் உள்ளிருந்து சுவரைத் தாங்கி நிற்கிறது. வெளியே நீரில் ஊறிய மண் அதே சுவரை உள்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பதை ஒரேயடியாக எடுத்துவிட்டால், வெளியழுத்தம் மட்டும் எஞ்சி, சுவர் விரிசல் விடும், தளம் மேலெழும். எனவே வெளியே நிலத்தின்மேல் நிற்கும் நீர் வடிந்தபின்புதான் இறைக்கத் தொடங்க வேண்டும். முதல் நாள் ஓர் அடி அளவுக்கு இறைத்துச் சுவரில் கரிக்கட்டியால் கோடிட்டு நிறுத்த வேண்டும். மறுநாள் காலை நீர் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால், மண்ணிலுள்ள நீர் இன்னும் உள்ளே வருகிறது என்று பொருள். இன்னும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். ஏறாவிட்டால் மேலும் இறைக்கலாம்.

காலியான சம்ப்புக்கும் இதே விதி. மழைக்கு முன் அதைக் கழுவிக் காலியாக வைத்தால், நிலத்தடி நீர் ஏறும்போது வெற்றுத் தொட்டி படகைப் போல் மிதந்து மேலெழ முயலும். நீர் நிறைந்த சம்ப் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே மழைக்கு முன் அதை நிரப்பி, மூடியை இறுக்கி வைப்பதே சரி.

டீசல் பம்பையோ ஜெனரேட்டரையோ நிலவறைக்குள் இறக்கி ஓட்டக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி உயிரைப் பறிக்கும். இயந்திரத்தைத் திறந்த வெளியில், சன்னல்களிலிருந்து இருபதடியேனும் தள்ளி நிறுத்தி, குழாயை மட்டும் உள்ளே விட வேண்டும். இதயநோய் உள்ளவர்களுக்கு இந்த வாயு குறைந்த அளவிலேயே தீங்கு செய்யும்.

எஞ்சிய சேற்றை அள்ளவோ, கழிவுநீர்த் தொட்டியின் அடைப்பை நீக்கவோ யாரையும் அதற்குள் இறக்கிவிடாதீர்கள். மூடிய தொட்டியில் சேர்ந்திருக்கும் நச்சுவாயு, இறங்கியவரையும் அவரைக் காக்க இறங்கியவரையும் சேர்த்தே வீழ்த்திய செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். காப்புக் கருவிகளின்றி மனிதரை இறக்குவதை 2013 ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. கழிவுநீர் உறிஞ்சும் லாரியை வரவழைக்கச் சில நாள் பிடிக்கலாம். பிடிக்கட்டும்.

யார் கழுவுவது

இந்தக் கேள்விக்கு எங்கள் விடை கடுமையானது. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர், ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர், நுரையீரல் நோயாளி, கருவுற்றவர் ஆகியோர் நீர் வடிந்த நிலவறைக்குள் கால் வைக்கவே கூடாது. ஈரம் பட்ட பொருள்கள் ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நலமுள்ளவருக்குத் தும்மலோடு போவது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு நுரையீரல் தொற்றாக முடியலாம். நனைந்த மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த நாற்காலி இவற்றைக் காயவைத்து மீட்கலாம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். சொல்வது எளிது. கல்யாணச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தையைத் தெருவில் போடுவது எளிதன்று என்பதை அறிவோம்.

நீரிழிவு நோயாளிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். வெறுங்காலோடு இறங்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் கண்ணாடிச் சில்லு குத்தியது தெரியாது; இரண்டு நாள் கழித்துத் துணியில் கறை கண்டுதான் தெரியும். சேற்றுப்புண் என்று நாம் எளிதாகச் சொல்லும் விரலிடுக்குப் புண்ணே பெருந்தொற்றுக்கு வாசலாகிறது. நீரில் நடந்தே தீர வேண்டியிருந்தால் முழங்கால்வரை வரும் ரப்பர் காலணி அணிந்து, வந்தவுடன் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்தி, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.

கழுவுபவர் ரப்பர் கையுறையும் முகக்கவசமும் அணியட்டும். முதலில் சேற்றைச் சோப்பு நீரால் நீக்க வேண்டும். சேற்றின்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுவதால் வெண்மை தவிர வேறு பயனில்லை. தரை தெளிந்தபின், லிட்டருக்கு 15 கிராம் பவுடர் கலந்த கரைசலால் துடைத்து, சிறிது நேரம் ஊறவிட்டு, நல்ல நீரால் அலசலாம். அந்தக் கரைசலோடு கழிவறை ஆசிட்டையோ வேறு எந்தத் திரவத்தையோ கலந்துவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். சுத்தத்தில் மிகுந்த அக்கறை கொண்டவர்களுக்கே இந்த விபத்து நேர்கிறது என்பது வேடிக்கையான உண்மை. மூலைகளில் பாம்பு ஒதுங்கியிருக்கக் கூடும். கையால் பொருள்களை நீக்காமல் நீண்ட கழியால் நீக்குக. கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், ஆட்டாமல், நேரே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வருகிறது. நீரில் இறங்கி ஐந்து முதல் பதினான்கு நாளில், சிலருக்கு ஒரு மாதம் கழித்தும், காய்ச்சல் காணும். கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவத்தல், பிறகு மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல் என்று அது முற்றும். அதற்குள் வெள்ளம் எல்லோர்க்கும் மறந்திருக்கும். ஆகவே மருத்துவரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், இன்ன நாளில் வெள்ளநீரில் இறங்கினேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தடுப்பாக டாக்சிசைக்ளின் தரப்படுவதுண்டு. அது குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் பொருந்தாது என்பதால் மருந்துக்கடையில் தாமாக வாங்கலாகாது. டெங்குக் கொசுவோ நேர்மாறானது. அது வெள்ளம் வடிந்தபின் தேங்கும் தெளிந்த நீரை நாடும். மின்தூக்கிக் குழியில் எஞ்சிய அரையடி நீரே ஒரு தெருவுக்குப் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். வாரம் ஒரு முறை அந்தக் குழியைப் பார்க்க ஒருவரை நியமிக்கலாம்.

சம்ப்பில் வெள்ளநீர் புகுந்திருந்தால் முழுவதும் இறைத்து, தக்க ஆளைக்கொண்டு கழுவி, பிளீச்சிங் கரைசலால் சுவரைத் துடைத்து, அந்நீரையும் வெளியேற்றியபின் நிரப்ப வேண்டும். நிரப்பிய தெளிந்த நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் என்பது வழக்கமான அளவு. 10,000 லிட்டர் சம்ப்புக்கு 25 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். குடிக்கவும் மருந்து கலக்கவும் சில வாரங்களுக்குக் கொதிக்கவைத்த நீரே நல்லது. தெருக் குழாயில் நிறம் மாறி வந்தால் மாநகராட்சியின் 1913 இல் தெரிவிக்கவும்.

நோயாளியை எப்போது வீட்டுக்கு அழைத்துவரலாம் என்று கேட்கிறார்கள். நாள்கணக்கில் விடை சொல்ல இயலாது. மின்பணியாளர் இணைப்புகளைச் சோதித்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். மின்தூக்கி ஒரு முழு நாள் தடையின்றி ஓடியிருக்க வேண்டும். நோயாளி படுக்கும் அறையின் சுவரில் உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சி இருக்கலாம். ஈரம் இருக்கக் கூடாது. அறையை இரவு முழுதும் மூடிவைத்துக் காலையில் திறக்கும்போது புழுங்கிய வாடை வந்தால் இன்னும் சில நாள் உறவினர் வீட்டிலேயே இருக்கட்டும். அதற்கிடையில் டயாலிசிஸ், கீமோ, காயக்கட்டு ஆகியவற்றுக்கான முறைகளை அங்கிருந்தே தொடர்வதற்கு, புதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எங்கள் வரவேற்புப் பிரிவில் பதிவு செய்துவிடுங்கள்.